பொப்பி விதை: ரெண்டு வருசமாய்த் தோல்வி. என்ன பிழை விடுறன்?

பிரிவு: பூச்செடிகள் › விதையிலிருந்து

தோட்டக்கிளி
மார்ச் 8, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டனில க்ரொய்டன் பக்கம் இருக்கிறன். மிளகாய், கத்தரி, தக்காளி, பயற்றங்காய் எல்லாம் விதை போட்டுத்தான் எடுக்கிறனான். கோயிலடியில என்னைக் கண்டால் ஆக்கள் முதல் கேக்கிறது "மிளகாய்க் கண்டு இருக்கோ?" எண்டுதான். அப்பிடிப்பட்ட என்னை இந்தப் பொப்பி ரெண்டு வருசமாய்ப் பேக்காட்டுது.

முதல் வருசம் பாத்தியைக் கொத்தி, மாட்டெரு போட்டு, விதையைத் தூவி, மேல அரை அங்குலம் கொம்போஸ்ட் போட்டு மூடினன். ஒண்டுகூட முளைக்கேல்லை. விதை பழசு எண்டு நினைச்சு, வித்த கடையைத் திட்டினன்.

போன வருசம் புதுப் பைக்கற். பெப்ரவரியில மிளகாய் போடுற மாதிரியே ட்ரேயில போட்டு ஜன்னலடியில ஹீட்டருக்குக் கிட்ட வைச்சன். முளைச்சது, மயிர் மாதிரி. பாதி சரிஞ்சு அழுகிச்சு. மிச்சத்தை மே மாதம் ஒவ்வொண்டாய்க் கிள்ளி எடுத்து நட்டன், 36 கண்டு. பத்து நாளில 33 செத்துப் போச்சு. தப்பின மூண்டும் என்ர சுண்டுவிரல் உயரத்தில நிண்டுகொண்டு ஆளுக்கொரு பூப் பூத்துது, சட்டைப் பொத்தான் அளவில.

இதில எரிச்சல் என்னெண்டால், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒண்டுமே செய்யிறேல்லை. அவவின்ர பின்வளவில, காண் கரையில, சீமெந்து வெடிப்புக்குள்ள இருந்து இடுப்பளவுக்கு எழும்பிப் பூத்து நிக்குது. அவ தண்ணி ஊத்தி நான் ஒரு நாளும் கண்டதில்லை.

பைக்கற்றில "ஷேர்லி பொப்பி, கலப்பு நிறம்" எண்டு போட்டிருக்குது. எங்கட மண் களிமண். ஆராவது சொல்லுங்கோ.


மண்புழு
மார்ச் 8, இரவு 10:25

தங்கச்சி, நீங்கள் கெட்டிக்காரியாய் இருக்கிறதுதான் பிழை. மிளகாய்க்குச் செய்யிற உபசாரம் எல்லாத்தையும் பொப்பிக்குச் செய்திருக்கிறியள்.

ஊரில அம்மா கீரை விதைச்சதை ஒருக்கால் நினைச்சுப் பாருங்கோ. ஒரு பிடி விதையை நாலு பிடி மணலோட கலந்து, நிண்ட நிலையில வீசி, மேல விளக்குமாத்தால ஒரு தடவு. அவ்வளவுதான். பொப்பியும் கீரைச் சாதி எண்டு நினைச்சால் பாதிப் பிரச்சினை முடிஞ்சுது.

முதல் வருசம் நடந்தது என்னெண்டால் விதைக்கு வெளிச்சம் படேல்லை. இது கண்ணுக்குத் தெரியாத பொடி விதை, மேல கிடந்தால்தான் முளைக்கும். மூடினால் முளையாது. ஆனால் சாகவும் மாட்டுது. மண்ணுக்குள்ள வருசக் கணக்காய்ப் படுத்துக் கிடக்கும், பிறகு ஆராவது கொத்திப் புரட்டி வெளிச்சம் பட்டால் எழும்பும். முதலாம் உலக யுத்தத்தில பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் ஷெல் விழுந்து கிளறுப்பட்ட நிலமெல்லாம் சிவப்பாய்ப் பூத்ததும் இதாலதான். நீங்கள் போட்ட விதையும் அங்கதான் கிடக்கும். அந்தப் பாத்தியை மேலால ஒருக்கால் கிளறிவிட்டுப் பாருங்கோ.

ரெண்டாம் வருசத்துப் பிழை வேற. பொப்பிக்கு ஒற்றை ஆணிவேர், முள்ளங்கி மாதிரி நேர கீழ போகும். முள்ளங்கியை ஆரும் பிடுங்கி நடுகிறவையோ? அந்த வேர் நுனி ஒருக்கால் முறிஞ்சால் செடிக்குப் பயம் பிடிச்சிடும், சாகமுதல் ஒரு பூவையாவது பூப்பம் எண்டு பூக்கும். உங்கட பொத்தான் பூவின்ர கதை அதுதான். ஹீட்டர்ச் சூடும் கூடாது. இதுக்கு 15 பாகை போதும்.

இந்த மாதக் கடைசியில, மழை இல்லாத நாளாய்ப் பாத்து, வெயில் விழுற இடத்தில நேரடியாய் விதையுங்கோ. மாட்டெரு வேண்டாம். உரம் கூடினால் இலைதான் கொழுக்கும், பூ வரேக்கை தண்டு சரியும்.


குன்னூர் குளிர்
மார்ச் 9, காலை 6:15

அண்ணா சொல்றது ஷேர்லிக்கு சரி. ஆனா எல்லா பாப்பிக்கும் அதையே சொல்லிடாதீங்க. நான் குன்னூர்ல பதினோரு வருஷமா ஐஸ்லாந்து பாப்பி வளர்க்கிறேன், நாத்து விட்டுத்தான். (பேர்தான் ஐஸ்லாந்து. பூர்வீகம் சைபீரியா பக்கம்.) குழித்தட்டுல ஒரு குழிக்கு நாலஞ்சு விதை, மேல மூடுறதில்ல. நாலு இலை வந்ததும் ஒண்ணை விட்டுட்டு மத்ததை கத்திரியால நறுக்கிடுவேன். வேர் உருண்டை கலையாம அப்படியே எடுத்து வச்சா ஒண்ணும் ஆகாது.

பிடுங்கி நடுறது வேற, மண்ணோட தூக்கி வைக்கிறது வேற. தோட்டக்கிளி அக்கா செஞ்சது முதல் ரகம்.


மண்புழு
மார்ச் 9, மதியம் 1:10

குன்னூர் பிள்ளை சொன்னதை ஒத்துக்கொள்ளுறன். ஐஸ்லாந்துப் பொப்பி அந்தளவு கோபக்காரன் இல்லை. ஆனால் ஷேர்லியை ட்ரேயில போட்டு, காத்து, தூக்கி வைக்க ஏன் மினக்கெட வேணும்? வீசிவிட்டால் வருகிற சாமானுக்கு நாத்து மேடை எதுக்கு?


மொட்டைமாடி முருகேசு
மார்ச் 9, மாலை 7:02

நல்ல இழை. ஒரு சின்ன சந்தேகம். பாப்பின்னா நம்ம கசகசா தானே? அப்ப மளிகைக் கடைல வாங்கின கசகசாவையே தொட்டில தூவினா வராதா? குருமாவுக்கு வாங்கினது நூறு கிராம் அப்படியே கிடக்கு. இடம் சென்னை, கொளத்தூர்.


நெறியாளர்
மார்ச் 9, இரவு 8:30

முருகேசு, வேண்டாம். விளையாட்டுக்குக் கூட வேண்டாம்.

கசகசா வருவது அபினிச் செடியிலிருந்து. நீங்கள் எல்லாரும் மேலே பேசிக்கொண்டிருக்கும் ஷேர்லி, ஐஸ்லாந்து எல்லாம் அதே குடும்பம், வேறு இனங்கள். இந்தியாவில் அபினிச் செடியை உரிமம் இல்லாமல் வளர்ப்பது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தொட்டியா வயலா என்ற பேதம் சட்டத்துக்குக் கிடையாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், குவாலியரில் தலைமையகம் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமம் பெற்றவர்கள் அளந்து கொடுத்த நிலத்தில் பயிரிடுகிறார்கள். சமையலுக்கு விதை வாங்குவது சட்டப்படி சரி. அதை முளைக்க வைப்பது சரியில்லை.

வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அந்த விதையைப் பெட்டியில் கூட வைக்காதீர்கள். அங்கே விதைக்கே தடை.

இந்த இழையில் அந்தச் செடியைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம். அலங்காரப் பாப்பிகளைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள்.


ஸ்காபரோ சித்தி
மார்ச் 10, காலை 5:50

கசகசா எண்டதை வாசிச்சுப்போட்டு நான் பயந்தே போனன். எங்கட ஊரில கசகசா எண்டால் பலூடாவுக்குப் போடுற, தண்ணியில ஊறி வழுவழு எண்டு வருகிற விதை. அது துளசிச் சாதி. அதுக்கும் ஜெயிலோ எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கிச்சு, இந்தியாவில அதைச் சப்ஜா எண்டு சொல்லுறவை, அவை கசகசா எண்டு சொல்லுறது வேற விதையை. கடைக்குப் போற ஆக்கள் கவனம். எந்த ஊர்க் கசகசா எண்டு கேட்டு வாங்குங்கோ.

பொப்பி விசயத்துக்கு வாறன். இஞ்ச டொரோண்டோவில நான் விதைக்கிறது பனிக்கு மேல. மார்ச் மாதம் கடைசிப் பனி மெல்லிசாய்க் கிடக்கேக்கை விதையை மணலோட கலந்து மேலால வீசி விடுவன். வெள்ளைப் பனியில எங்க விழுந்தது, எங்க விழேல்லை எண்டு வடிவாய்த் தெரியும். பனி கரைய விதை தானாய் மண்ணில போய் ஒட்டும். முதல் தடவை மனுசன் ஜன்னலால பாத்திட்டு "உனக்கென்ன பைத்தியமோ" எண்டு கேட்டவர். ஜூலையில அவர்தான் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினவர்.


தோட்டக்கிளி
மார்ச் 10, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. சித்தி, லண்டனில மார்ச்சில பனிக்கு எங்க போவன்? மழைதான். விதையை ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சு எடுக்கட்டோ?


மண்புழு
மார்ச் 10, இரவு 9:00

வேண்டாம். குளிர் பட்டால் உதவி, படாட்டிலும் ஷேர்லி முளைக்கும். மார்ச் மண்ணே ஃபிரிட்ஜ் மாதிரித்தானே இருக்குது.

ஒண்டு மட்டும் சொல்லுறன். வீசேக்கை கண்டபடி வீசாமல் மண்ணில விரலால ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டில போடுங்கோ. நேர்க்கோடு பிடிக்காட்டி பாம்பு மாதிரி வளைச்சுக் கீறுங்கோ. கோட்டில முளைக்கிறது பொப்பி, கோட்டுக்கு வெளியில முளைக்கிறது களை. இது தெரியாமல் நான் ஒருமுறை பொப்பியைப் பிடுங்கி எறிஞ்சிட்டு ரெண்டு மாதமாய்க் களைக்குத் தண்ணி ஊத்தினனான்.


பழைய பேப்பர்
மார்ச் 11, மாலை 4:45

தோட்டக்கிளி க்ரொய்டன் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. ஷேர்லி என்பது ஆளின் பெயர் இல்லை. உங்கள் ஊரில் இருக்கும் அதே ஷேர்லிதான். உங்கள் பைக்கற்றில் இருக்கும் விதை அங்கே பிறந்தது.

வில்லியம் வில்க்ஸ் என்ற பாதிரியார் ஷேர்லி தேவாலயத்தில் இருந்தார். 1880-இல் அவர் தோட்டத்து மூலையில், வயலை ஒட்டிய தரிசில், காட்டுப் பொப்பிகள் பூத்திருந்தன. எல்லாம் வழக்கமான சிவப்பு, நடுவில் கறுப்பு. அதில் ஒரே ஒரு பூவுக்கு மட்டும் இதழ் விளிம்பில் நூல் போல வெள்ளைக் கரை. மனிதர் அந்த ஒரு பூவுக்கு அடையாளம் வைத்து, அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். மறு வருடம் சுமார் இருநூறு செடிகளில் நாலைந்தில்தான் கரை வந்தது. மிச்சத்தைத் தள்ளிவிட்டு அந்த நாலைந்தின் விதையை எடுத்தார். இப்படியே வருடா வருடம். வெள்ளைக் கரை அகன்றது, சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பும் வெள்ளையும் வந்தன, கடைசியில் நடுவில் இருந்த கறுப்பையும் போக்கிவிட்டார். உண்மையான ஷேர்லிக்கு அடியில் வெள்ளைதான் இருக்கும், கறுப்பு இருக்காது.

பிறகு அரச தோட்டக்கலைச் சங்கத்துக்கு 1888 முதல் 1920 வரை அவர்தான் செயலாளர். அந்தச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் நினைவாக இரும்புக் கதவு இருக்கிறது, அதில் பொப்பிப் பூ வேலைப்பாடு. கோடையில் அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

ஒரு கோணல் பூவைக் கண்டதும் பிடுங்கிப் போடாமல் நூல் கட்டி வைத்தாரே, அந்தக் கண்ணைத்தான் நினைத்து நினைத்து வியக்கிறேன்.


பெங்களூர் தக்காளி
மார்ச் 12, காலை 11:20

நான் பெங்களூர்ல பால்கனில போன அக்டோபர் கடைசில ஷேர்லி போட்டேன். ஜனவரி கடைசில பூ. தொட்டி குறைஞ்சது ஒரு அடி ஆழம் வேணும், இல்லன்னா அண்ணன் சொன்ன அதே பொத்தான் பூதான். ஏப்ரல் வெயில் வந்ததும் ரெண்டு வாரத்துல மொத்தமும் காய்ஞ்சு போச்சு. அதனால நம்ம ஊர்ப்பக்கம் இது குளிர்காலப் பயிர். இப்ப மார்ச்ல யாரும் ஆரம்பிக்காதீங்க. முருகேசு சார், சென்னைக்கு இது சரிப்படாதுன்னு நினைக்கிறேன். ராத்திரி குளிரே இல்லையே.


மொட்டைமாடி முருகேசு
மார்ச் 12, மதியம் 2:30

எல்லாருமா சேர்ந்து என்னை விரட்டுறீங்க. சென்னைக்காரன் பாப்பியே பாக்கக் கூடாதா?


குன்னூர் குளிர்
மார்ச் 12, மாலை 5:10

பாக்கலாமே. ரயில் தண்டவாளத்து ஓரமா நடந்து போங்க. சாம்பல் பச்சைல முள்ளு முள்ளா இலை, மஞ்சள் பூ, கிள்ளினா மஞ்சள் பால் வரும். பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டுன்னும் சொல்லுவாங்க. மெக்சிகோவுல இருந்து வந்து நம்ம தரிசெல்லாம் பிடிச்சுக்கிட்ட பாப்பிக் குடும்பத்துச் செடி அது. பூவை கிட்டப் போய்ப் பாருங்க, இதழ் கசங்கின பட்டு மாதிரி இருக்கும். அந்தக் கசங்கல்தான் குடும்ப அடையாளம்.

வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. விதை கடுகு மாதிரியே இருக்கும், விஷம். கடுகு எண்ணெயில இந்த எண்ணெய் கலந்து 1998-ல டெல்லில நிறையப் பேர் உடம்பு வீங்கி செத்துப் போனாங்க.


தோட்டக்கிளி
மார்ச் 30, மாலை 6:00

இண்டைக்குப் போட்டாச்சு. வெயில் விழுற பக்கம், ஆறடிக்கு நாலடி. களிமண்ணை மண்வாரியால தட்டிப் பொடியாக்கி, மேல மட்டும் கொஞ்சம் மணல் கலந்தன். விரலால பாம்புக் கோடு. விதையை மணலோட கலந்து கிள்ளிக் கிள்ளிப் போட்டு, மேல ஒரு பலகை வைச்சு அதில ஏறி நிண்டன், விதை மண்ணோட ஒட்டட்டும் எண்டு. மூடேல்லை. கை சும்மா இருக்கேல்லைத்தான். ரெண்டு தரம் கொம்போஸ்ட் பையைத் தூக்கிப்போட்டுத் திரும்ப வைச்சன்.

முதல் வருசத்துப் பாத்தியையும் மண்புழு அண்ணை சொன்னபடி மேலால கிளறிவிட்டிருக்கிறன். அங்க ஒரு விதையும் போடேல்லை.


மண்புழு
மார்ச் 30, இரவு 7:45

பூனை வருமோ உங்கட வளவுக்கு? புதுசாய்க் கிளறின மண் எண்டால் அதுகளுக்குக் கக்கூஸ். றோசாவில வெட்டின முள்ளுக் கம்பு இருந்தால் மேலால போட்டு வையுங்கோ. தண்ணி ஊத்திறதெண்டால் பூவாளியில மெல்லிசாய். ஹோஸ் பிடிச்சியள் எண்டால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும்.


தோட்டக்கிளி
ஏப்ரல் 18, காலை 8:05

முளைச்சிட்டுது!

குந்தியிருந்து மூக்கு மண்ணில முட்டுமாப்போல பாத்தால்தான் தெரியுது. ஊசி நுனி மாதிரி ரெண்டு இலை. பாம்புக் கோடு பச்சையாய் வளைஞ்சு வளைஞ்சு போகுது.

அதை விடுங்கோ. நான் விதை போடாத அந்தப் பழைய பாத்தி இருக்கே, அதிலயும் முளைச்சிருக்குது. கண்டபடி, கும்பல் கும்பலாய். அண்ணை, ரெண்டு வருசமாய் உள்ளுக்கை கிடந்து பாத்துக்கொண்டு இருந்திருக்குது. அந்தக் கடைக்காரரிட்டை நான் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டன்.


மண்புழு
ஏப்ரல் 18, காலை 9:30

சொன்னனான் தானே. இனித்தான் கஷ்டமான வேலை. ஐதாக்க வேணும். ரெண்டு அங்குலம் வரட்டும், பிறகு கண்டுக்குக் கண்டு ஒரு சாண் இடைவெளி. மிச்சம் எல்லாம் போகோணும்.


தோட்டக்கிளி
மே 4, மாலை 5:20

எனக்கு மனம் வரேல்லை அண்ணை. இவ்வளவு கஷ்டப்பட்டு முளைச்சதைப் பிடுங்கி எறியிறதோ? புதுப் பாத்தியில ஒரு சாண் விட்டன். பழைய பாத்தியைத் தொடேல்லை. ரெண்டையும் பாப்பம்.


மண்புழு
மே 4, மாலை 5:50

பாருங்கோ. நான் சொல்லி நீங்கள் கேக்கப் போறேல்லை, செடி சொன்னால் கேப்பியள்.


தோட்டக்கிளி
ஜூன் 24, காலை 6:40

எழுதிக்கொண்டிருக்கிற கை நடுங்குது.

விடிய நாலே முக்காலுக்கு முழிப்பு வந்திட்டுது. தேத்தண்ணிக் கோப்பையோட வெளியில போனன். நேற்றுவரைக்கும் மொட்டெல்லாம் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டது, ஏதோ பிழை செய்த பிள்ளையள் மாதிரி. இண்டைக்கு அஞ்சாறு நிமிர்ந்து நிக்குது. ஒண்டுக்குக் கிட்டக் கதிரை போட்டு இருந்தன். மயிர் மயிராய் இருக்கிற அந்தப் பச்சை ஓடு பக்கத்தால வெடிச்சு, உள்ளுக்கை ரோஸ் நிறம் தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்தால ஓடு ரெண்டு துண்டாய்ப் பிரிஞ்சு, ஒண்டு கழண்டு கீழ விழுந்தது, மற்றது தொப்பி மாதிரித் தலையில தொங்கினது. இதழ் நாலும் பெட்டிக்குள்ள மடிச்சு வைச்ச கூறைச்சேலை மாதிரிக் கசங்கி இருந்தது. நான் பாக்கப் பாக்க, ஆரும் இஸ்திரி போடாமல், மடிப்பு ஒவ்வொண்டாய் நிமிர்ந்துது. அரைவாசித் தேத்தண்ணி ஆறிப் போச்சு.

ஆறு மணிக்கெல்லாம் தேனீ வந்திட்டுது. பொப்பியில தேன் இல்லையாம், பூந்தூள் மட்டும்தான். காலில ஒட்டிக்கொண்டு போற தூள் மஞ்சள் இல்லை, கறுப்பு! அடுப்புக்கரி பூசின மாதிரி.


குன்னூர் குளிர்
ஜூன் 24, மதியம் 12:15

படிக்கும்போதே கண்ணு முன்னாடி வந்துடுச்சு அக்கா. ஜாடில வைக்கணும்னா இந்த மாதிரி காலைலயே, மொட்டு வெடிச்சு நிறம் தெரியற நேரத்துல வெட்டுங்க. வெட்டின தண்டு நுனியை கொதிக்கிற தண்ணில அரை நிமிஷம் முக்கிட்டு அப்புறம் பச்சைத் தண்ணில வைங்க. இல்லன்னா பால் வடிஞ்சு ஒரு மணி நேரத்துல தலை தொங்கிடும். மெழுகுவத்தில சுட்டாலும் சரிதான்.


தோட்டக்கிளி
ஜூலை 6, இரவு 9:10

ஜாடியில மூண்டு நாள் நிண்டுது. தோட்டத்தில ஒரு பூவின்ர ஆயுசு ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு. ஆனால் நாளுக்கு நாப்பது அம்பது புதுசாய் விரியுது.

மண்புழு அண்ணைக்கு அறிக்கை: ஐதாக்கின பாத்தி, செடி என்ர இடுப்பளவு, ஒரு செடியில 20 மொட்டுக்கு மேல. ஐதாக்காத பாத்தி, முழங்காலுக்குக் கீழ, மெல்லிசு, அடியில பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்குது. செடி சொல்லிப்போட்டுது, கேட்டிட்டன்.

இப்ப இன்னொரு கேள்வி. புதுப் பாத்தியில ரோஸ், வெள்ளை, ரோஸில வெள்ளைக் கரை எல்லாம் இருக்குது. பழைய பாத்தியில முக்கால்வாசி சிவப்பு, நடுவில கறுப்பு. ரெண்டும் ஷேர்லி எண்டுதானே வாங்கினது?


பழைய பேப்பர்
ஜூலை 7, காலை 10:30

கறுப்பு வந்தால் காட்டுப் பொப்பியின் ரத்தம் தலைகாட்டுகிறது என்று பொருள். பைக்கற்றிலேயே கலந்து வந்திருக்கலாம், அந்த மண்ணில் ஏற்கெனவே கிடந்த பழைய விதையாகவும் இருக்கலாம்.

இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவந்தால்தான் விதை பிடிக்கும். வில்க்ஸ் பாதிரியார் அந்த ஒரு பூவின் விதையை எடுத்தும் முதல் வருடம் நாலைந்தில்தான் கரை வந்தது ஏன் என்பது இதிலேயே விளங்கும். தாய் கரை வைத்த பூ, தகப்பன் சுற்றியிருந்த சாதாரணச் சிவப்புகள்.

ஆகவே உங்களுக்கு நல்ல நிறம் நிலைக்க வேண்டுமென்றால் கறுப்பு நடு உள்ள செடியை முதல் பூவிலேயே, தேனீ வருவதற்கு முன்னால், பிடுங்கிவிட வேண்டும். பிடித்த பூவுக்கு நூல் கட்டுங்கள்.


தோட்டக்கிளி
ஜூலை 29, மாலை 7:25

கறுப்பு நடுவைப் பிடுங்க மனம் வரேல்லை எண்டு சொன்னால் மண்புழு அண்ணை ஏசுவார். அரைவாசி பிடுங்கினன். கரை வைச்ச ஏழு பூவுக்குப் பச்சை நூல் கட்டினன்.

காய் காய்ஞ்சு மண்ணிறமாய் வந்திட்டுது. மேல மூடி, மூடிக்குக் கீழ சுத்திவரச் சின்னச் சின்ன ஓட்டை. மிளகுத்தூள் டப்பாவேதான். காத்தடிச்சால் தண்டு ஆட, ஓட்டையால விதை தெறிக்குது. ஓட்டை திறக்கிற நேரம் பாத்து ஒரு கடுதாசிப் பைக்குள்ள தலைகீழாய்க் கவிட்டு, தண்டோட கட்டித் தொங்கவிட்டிருக்கிறன். பையைத் தட்டினால் மழை பெய்யிற சத்தம்.


மண்புழு
ஜூலை 29, இரவு 8:00

ஏசேல்லை. பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அரைவாசி விதையை செப்டம்பரில போடுங்கோ. குளிருக்கு முதல் இலை வைச்சு, நிலத்தோட ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த வருசம் மார்ச்சில போடுறதுக்கு மூண்டு நாலு கிழமை முன்னமே பூக்கும். செடியும் பெரிசு.


ஸ்காபரோ சித்தி
நவம்பர் 9, காலை 6:30

இந்த இழையை மேல கொண்டு வாறன், நாள் அப்பிடி. நவம்பர் 11 யுத்தத்தில செத்த படையினரை நினைக்கிற நாள், அதுக்கு இஞ்ச எல்லாரும் நெஞ்சில சிவப்புப் பொப்பி குத்தத் தொடங்கிட்டினம். எங்கட கனடா டாக்குத்தர் ஜோன் மக்ரே 1915-இல எழுதின கவிதைதான் இந்தப் பொப்பிக்கு இவ்வளவு பெயர் வாங்கிக் குடுத்தது. பேத்தி கேக்கிறாள், "அம்மம்மா, உங்கட வீட்டுப் பொப்பியைக் குத்தலாமோ?" எண்டு. நவம்பரில அவளுக்கு நான் பூவுக்கு எங்க போவன், காஞ்ச காயைத்தான் குத்திவிட வேணும்.


பழைய பேப்பர்
நவம்பர் 9, மாலை 5:15

சித்தி, 1930-களில் இலங்கையிலும் நவம்பர் 11 அன்று கடதாசிப் பொப்பி விற்றார்கள். சேர்ந்த காசு பெரும்பாலும் பிரித்தானியாவுக்குப் போனது, இங்கே இருந்த முன்னாள் படைவீரர்களுக்கு வந்தது சொற்பம் என்று ஒரு மனத்தாங்கல். அதற்கு எதிராக எழுந்ததுதான் சூரிய மல் இயக்கம். பொப்பிக்குப் பதிலாக அதே நாளில் சூரிய மல் விற்றார்கள். 1933-இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியையாக இருந்த டொரீன் யங் அதில் முன்நின்றவர்.

சூரிய மல் என்றால் என்ன பூ தெரியுமா? நம் பூவரசம் பூ.


ஸ்காபரோ சித்தி
நவம்பர் 9, இரவு 7:40

எங்கட வேலிப் பூவரசோ! இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதின அந்தப் பூவரசோ! இது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.


மொட்டைமாடி முருகேசு
நவம்பர் 10, காலை 9:00

ஒரு தகவல். வில்லிவாக்கம் தண்டவாளத்து ஓரத்துல பிரம்மதண்டைப் பாத்தேன். இன்னும் பூக்கல. படம் எடுக்கக் குனிஞ்சப்ப குத்திடுச்சு. பாப்பிக்கும் எனக்கும் ராசியே இல்ல.


தோட்டக்கிளி
நவம்பர் 22, காலை 8:50

செப்டம்பரில போட்டது நல்லாய் வந்திருக்குது. கைவிரல் நீட்டு இலை, நிலத்தோட படர்ந்து வட்டமாய். ஆனால் இண்டைக்கு விடியப் பாத்தால் எல்லா இலையிலும் சீனி தூவின மாதிரி வெண்பனி உறைஞ்சு போய் இருக்குது. மண்புழு அண்ணை, கம்பளித்துணி ஏதும் போட்டு மூடட்டோ?


மண்புழு
நவம்பர் 22, காலை 9:20

மூடாதேங்கோ. பனிக்கு அது சாகாது, பத்து மணிக்கு வெயில் பட்டால் எழும்பும். மூடினியள் எண்டால் அதுக்குக் கீழ நத்தை வந்து குடியிருக்கும். இரவில டோர்ச் லைற்றோட போய் நத்தையைப் பொறுக்குங்கோ. கம்பளியை நீங்கள் போர்த்துக்கொண்டு போங்கோ.